முகத்துக்கு மட்டும் வெளிச்சம்

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், படம் பெரிதாக்கும் விளக்குக்குக் கீழே வெள்ளைத்தாளை வைத்தாள் குமுதினி. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பவிருந்த அவளுடைய படம். அந்தத் தாளின் குணமே விசித்திரமானது. வெளிச்சம் அதிகம் விழுந்த இடம் அதிகம் கறுக்கும். நிழல் பட்ட இடம் வெளுத்தே நிற்கும்.

"முகத்துக்கு மேல கையைக் காட்டுடி. ரோஜாப்பூவாட்டம் வந்துடுவே" என்றாள் கூடப் பயிலும் சுகிர்தா.

"போன தடவை ஸ்டுடியோவுல அப்படித்தான் வெளுத்துக் குடுத்தாங்க. படத்தை நம்பி வந்தவங்க, என்னைப் பார்த்ததும் காபியைக்கூடத் தொடாம எழுந்து போயிட்டாங்க."

"உள்ளபடி அனுப்பினா வரவே மாட்டாங்கடி."

"வராதவங்க வராமலே இருக்கட்டும்."

விளக்கைப் போட்டாள். உடைக்கும் பின்னணிக்கும் போதுமான வெளிச்சம் கிடைத்ததும், நடுவில் ஓட்டை போட்ட அட்டையைக் குறுக்கே பிடித்தாள். இப்போது முகத்தில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. ஓட்டையின் விளிம்பு தாளில் கோடாகப் பதியாமலிருக்க, அட்டையை மெல்ல அசைத்துக்கொண்டே இருந்தாள்.

"போதும்டி, ரொம்பக் கறுத்துடப் போகுது!"

"என் கறுப்பு எனக்குத் தெரியாதா?" என்ற குமுதினி விளக்கை அணைக்கவில்லை.