இரண்டு ஏக்கர் பச்சை

தகரத்தைத் தட்டினான்.

மேற்கு வரப்பில் குருவிகள் எழுந்தன. கிழக்கு வரப்பில் இறங்கின.

கிழக்கே ஓடினான்.

மேற்கே இறங்கின.

மார்கழி. நெல் பால் பிடிக்கிற நேரம். மணியை நசுக்கிப் பாலைக் குடித்துவிட்டுப் பதரை விட்டுப் போகின்றன.

சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை தரிசு. தண்ணீர் நிற்கிற தரிசு. கோரை மண்டிக் கிடக்கிறது. நடுவில் அவனுடைய இரண்டு ஏக்கரில் மட்டும் நெல்.

அந்த வட்டாரத்துக் குருவிகளுக்கெல்லாம் அது ஒன்றுதான்.

மனைவியும் மகளும் சித்திரையிலிருந்து திருப்பூரில் இருக்கிறார்கள். “தையில நெல்லு வீடு வந்தா நாங்க வர்றோம். இல்லேன்னா நீங்க அங்க வந்துருங்க.” அப்படிச் சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள்.

ஆவணியில் டிவியில் சொன்னார்கள். இது எல் நினோ வருடம், கடல் சூடாகி மழை குறையும். ஊர் நம்பியது. யாரும் விதைக்கவில்லை. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விட்டார்கள்.

அவனுக்குத் தெரியும். அதில் குறைவது ஆடி மழை. இந்தச் சீமைக்கு ஐப்பசி மழைதான். தாலுகா ஆபீஸில் கேட்டு முப்பது வருட மழை அளவை எழுதி வந்திருந்தான். எல் நினோ வருடங்களில் ஐப்பசி பெரும்பாலும் கூடுதலாகத்தான் பெய்திருந்தது.

பெரும்பாலும்.

நான்கு வருடத்துக்கு முந்தைய எல் நினோவில் இதையே டீக்கடையில் வைத்துச் சொன்னான். பதினோரு பேர் நம்பி விதைத்தார்கள். அந்த வருடம் பெய்யவில்லை. கருகிய பயிரில் ஆடு மேய்ந்தது. அன்றிலிருந்து ஊரில் அவனுக்கு எல் நினோ என்றே பெயர்.

இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, காய்ந்த புழுதியில் தனியாக விதைத்துவிட்டு வந்தான்.

ஐப்பசியில் கொட்டியது.

வரப்பில் காளைச்சாமி வந்து நின்றார். அந்தப் பதினோரு பேரில் ஒருவர். முழங்கை வரை கரி.

“என்னய்யா எல் நினோ, குருவிக்குப் பந்தி வச்சிருக்க போல.”

அவன் சிரித்து வைத்தான்.

காளைச்சாமி ஒரு கதிரைப் பிடித்து நசுக்கினார். ஒன்றும் இல்லை. பக்கத்துக் கதிரை நசுக்கினார். அதிலும் இல்லை.

“பத்துப் பேரு போட்டிருந்தா ஆளுக்குக் கொஞ்சமாப் போயிருக்கும். உனக்குத் தெரியும்ல, பெய்யும்னு?”

“சொன்னா நம்பிருப்பீங்களாண்ணே?”

அவர் கரி படிந்த விரல்களை வேட்டியில் துடைத்தார்.

“மாட்டோம்தான்” என்றார். “சொல்லிருக்கலாம்.”

வந்த வழியே போய்விட்டார்.

வெயில் சாய்ந்தபோது திருப்பூருக்கு போன் போட்டான். மகள் எடுத்தாள்.

“அம்மா இன்னும் கம்பெனிலேருந்து வரலப்பா.”

“வந்தா சொல்லு. அப்பா அங்கயே வந்துர்றேன்னு.”



“ஏம்ப்பா, அங்க மழையே பெய்யலையா?”

குருவிகள் கிழக்கிலும் மேற்கிலும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தன.

“பேஞ்சுச்சும்மா” என்றான். “நல்லாவே பேஞ்சுச்சு.”