தலையாட்டினால் சம்மதம்

அரசு வக்கீல் மீனு எதிர்த்தரப்பு டாக்டருக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வராந்தாவின் மறுகோடியில் நின்று அதைப் பார்த்த பிச்சையாவுக்கு வயிறு எரிந்தது.

அந்த மலையாளி டாக்டர் அனில்தான் பொன்முடி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இலவச முகாம் போட்டவர். இன்னும் கடைக்கு வராத ஒரு மாத்திரையைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்துச் சோதித்தவர். சத்து மாத்திரை என்று நினைத்து விழுங்கிய பிச்சையாவுக்கு இப்போது கை நடுக்கம். தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை.

இன்று திருவனந்தபுரத்தில் விசாரணை. எல்லாருடைய சம்மதத்தோடும்தான் கொடுத்தேன் என்று டாக்டர் சொல்வது எடுபட்டால், நாளைக்கே லயத்தில் அடுத்த முகாம். அதைத் தடுக்கச் சர்க்கார் அனுப்பிய ஒரே ஆள் மீனு. அந்த ஆள் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

தகரக் கூரையில் மழை கொட்டியதால் பேச்சு பிச்சையாவுக்குக் கேட்கவில்லை. மீனு சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். ஒரு தடவை தன் இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம் கையை வைத்துக் காட்டினார். டாக்டர் தலையாட்டினார். மீனு இன்னும் ஏதோ கேட்டார். அதற்கும் டாக்டர் தலையாட்டினார்.

அவர்களுக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்த பிச்சையாவின் மனைவி ஞானபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. எழுந்து வந்தவளைப் பிச்சையா பிடித்துக்கொண்டான்.

"எதுக்குடி சிரிச்ச?"

"வக்கீலம்மா வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க."

"அந்தாளுக்கு டீ. நமக்கு அல்வா. உனக்கு இதுல சிரிப்பு வேற!"

ஞானபாய் மறுபடியும் முந்தானையைத் தேடினாள்.

விசாரணை அதிகாரி வேலாயுதன் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தமிழ்நாட்டு எல்லையோரம் பாறசாலைப் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம்.

"ஆரையும் நிர்பந்திச்சில்ல சார்," என்றார் டாக்டர். "சம்மதப் பேப்பர்ல உள்ளதெல்லாம் நானே தமிழ்ல பறஞ்சு கொடுத்தேன். மனசிலாச்சான்னு கேட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க."

அதிகாரி திரும்பினார். "பிச்சையா, தலையாட்டினியா?"

"ஆட்டினேன் சார்."

"ஒண்ணும் புரியலேன்னா எதுக்கு ஆட்டின?"

"கோட்டுப் போட்ட டாக்டரு அம்புட்டு நேரம் பேசிட்டுக் கேக்காரு. புரியலன்னு எப்படிச் சொல்லுறது? மரியாதைக்கு ஆட்டினேன்."

டாக்டர் கைகளை விரித்தார். "கண்டோ சார்? அவரே ஒத்துக்கிட்டாச்சு."

பிச்சையா மீனுவைப் பார்த்தான். இப்போதாவது எழுந்து கத்துவார் என்று நினைத்தான். அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டு மெதுவாகத்தான் எழுந்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். வீட்டுப் பேச்சு கோர்ட்டிலும் வரும்.

"டாக்டர், தலையாட்டினா சம்மதம்னு அர்த்தம். அப்படித்தானே சொல்றேள்?"

"அதே. சம்சயமே இல்ல."

"எல்லாரும் புரிஞ்சிண்டுதான் ஆட்டினாளான்னு பாக்க வேண்டாமா?"

"புரியாம ஆராவது தலையாட்டுவாங்களா? நல்ல கதை!"

"நியாயம்தான். உங்க தமிழ் எப்படி?"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லோணம் மனசிலாகும். தமிழ் சினிமா ஒண்ணும் விடாறில்ல. இப்போகூட நம்ம வராந்தால பேசினது முழுக்கத் தமிழ்தானே?"

"ஆமா. மலையாளம் கலக்கலே, இங்கிலீஷ் ஒரு வார்த்தை கலக்கலே. நான் கேட்ட எல்லாத்துக்கும் தலையாட்டினேள்."

"ஆட்டினேன்."

"என்ன கேட்டேன்?"

டாக்டர் உத்தரத்தைப் பார்த்தார். "அது... வக்கீலுக்கு முதுகுவலி. பின்னே, பொன்முடியில பயங்கரத் தணுப்பு, குளிரு. அங்க உள்ள பாவப்பட்ட ஆளுங்களுக்கு என்னால ஆன உதவி செய்யணும். அல்லே?"

"உதவி வரைக்கும் சரி," என்றார் மீனு. "சார், பக்கத்து பெஞ்சில ஞானபாய் எல்லாம் கேட்டுண்டிருந்தா. மிச்சத்த அவ சொல்லட்டும்."

அதிகாரி பேனாவை எடுத்துக்கொண்டு, சொல்லச் சொல்லிக் கைகாட்டினார். பிச்சையா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கை நடுக்கத்தில் பெஞ்சும் சேர்ந்து ஆடியது. ஞானபாய் எழுந்து, சிரிப்பை விழுங்கி, டாக்டரைப் பார்த்தே சொன்னாள்.

"தன்னோட சிறுநீரகத்துல ஒண்ண எங்க வீட்டுக்காரருக்குத் தாரேன்னு ஐயா சம்மதிச்சாரு சார்."

டாக்டர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து, அதே அதே என்று பலமாகத் தலையாட்டினார்.

வேலாயுதன் எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடினார். சிரிப்பு அடங்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நாளைக்கு கேம்ப் வேண்டா டாக்டரே... சிறுநீரகம்னா கிட்னி!"