பாதியில் நிறுத்திய கம்பி

நான் கம்பியைச் சோதனை எந்திரத்தில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் மேனேஜர் சபாபதி கத்தினான். அவனுடைய டம்ளரில் நான் தண்ணீர் குடித்துவிட்டேனாம். "ஒன்ன மாதிரி அழுக்கையெல்லாம் உள்ள விட்டா இப்படித்தான்டி ஆகும்." லேபில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கம்பி அப்போதுதான் விட்டுக்கொடுத்து நீளத் தொடங்கியிருந்தது. எந்திரத்தை நிறுத்தினேன். இழுவிசையைக் காட்டும் முள் நின்ற இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டேன். குனிந்த தலையோடு வெளியே போனேன். அதற்கும் எனக்குத்தான் சஸ்பென்ஷன்.

சில மாதம் கழித்து இன்றுதான் உள்ளே விட்டார்கள். யாரோ கழற்றிப் போட்ட அந்தக் கம்பி மூலையில் அப்படியே கிடந்தது. சபாபதி எல்லாரையும் கூட்டி வைத்திருந்தான். "மன்னிப்புக் கேட்டுட்டு வேலையப் பாருடி. கொஞ்சம் வளைஞ்சு கொடுத்தா கொறஞ்சா போயிடுவ?"

நான் கம்பியை எடுத்து மாட்டினேன்.

"இரும்புக்குள்ள கரி ஒரு அழுக்குதான் சார். இழுத்தா இரும்பு உள்ளுக்குள்ள நழுவும். இழுத்துட்டு அப்படியே போட்டு வெச்சா, அந்த அழுக்கு மெல்ல நகர்ந்து, நழுவுன எடத்துல போய் ஒக்காந்துக்கும். அப்புறம் லேசுல நழுவ விடாது."

"எனக்கே பாடமா? மன்னிப்புக் கேளுடி!"

சுவிட்சைத் தட்டினேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. தாண்டியது. கம்பி அசரவில்லை. எந்திரம் உறும உறும முள் ஏறிக்கொண்டே போனது. அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"போதும், நிறுத்தும்மா."

"இது இன்னும் விட்டுக்கொடுக்கவே ஆரம்பிக்கல சார்" என்றேன்.