நாய் மிதித்த ஓடு

ஸ்பெயின் தேசத்துப் பாதிரிமார் பாலைவன ஓரத்தில் கட்டிவிட்டுப் போன மாதா கோயிலில் மிஞ்சியது ஒற்றைச் சுவர். அதன் உச்சியில் ஒரு சுடாத மண்கல் இருந்தது. இன்னொரு மழை பெய்தால் கரைந்துவிடும்.

பக்கத்திலிருந்த காட்சிக்கூடத்துக்காரர்கள் வந்தார்கள். இடிபாட்டிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். இருநூறு வருஷம் பாரம் சுமந்த மண்கல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. அவர்களோ குப்பையைக் கிளறி, ஈரம் காயுமுன் நாய் மிதித்ததால் அன்றே வீசியெறியப்பட்ட கூரை ஓடு ஒன்றை எடுத்துக் கொஞ்சினார்கள்.

"ஒருநாள்கூடக் கூரை ஏறாத பயலே, உனக்குப் பெட்டியா?" என்றது மண்கல்.

"நாய்க்கால் தடம் இருக்குல்ல அண்ணே, அதான்."

"என் முதுகிலயும் தடம் இருக்குடா! பாதிரிமார்கிட்ட சவுக்கடி வாங்கிக்கிட்டே மண் பிசைஞ்சானே இந்த ஊர்க்காரன், அவனோட அஞ்சு விரல். போய்ச் சொல்லு, என்னையும் எடுத்துக்குவாங்க."

"சொல்றேன் அண்ணே. இப்ப நாய்க்குப் பேர் யோசிக்கிறாங்க, முடியட்டும்."

அடுத்த வாரமே மழை கொட்டியது. ஐந்து விரலும் சேறாகிக் காட்சிக்கூட வாசல்வரை வழிந்தன. நாய்க்குப் பேர் வைக்கும் விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள், செருப்பு பாழாகிறதே என்று முகம் சுளித்தபடி அதைத் தாண்டி உள்ளே போனார்கள்.