காற்று வகுப்பின் வேகம்

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் பேனா நின்றுபோனது.

எதிரியிடமிருந்து கைப்பற்றிய கையேடு அது. விடிந்ததிலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். கடற்படைத் தலைமையகத்தில் அதுதான் அவள் வேலை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நம் கப்பல்கள்.

காற்று வகுப்பு. அதிவேகப் போர்க்கப்பல்கள், நான்கு. நான்கு திசைக் காற்றுகளின் பெயர்கள். கொண்டல், கச்சான், வாடை, சோழகம். பெயர்களைக்கூடப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். கொண்டலின் மேல் மட்டும் யாரோ பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருந்தான். மூழ்கடித்தாயிற்று என்று அர்த்தம்.

கொண்டலில் அவள் அண்ணன் இருந்தான். தலைமைப் பொறியாளர் சூசைநாதன்.

வேகம்: இருபத்தெட்டு நாட். மணிக்கு அத்தனை கடல் மைல்.

இன்னொரு முறை பார்த்தாள். இருபத்தெட்டுதான். கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. முப்பத்திரண்டு என்று அவர்கள் சொல்லிக்கொள்வது வெள்ளோட்டத்தின் வேகம். பீரங்கிக் குண்டுகளை இறக்கிவைத்துவிட்டு ஓட்டியது.

குண்டுகள் மட்டுமா? அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறான். எண்ணெய் கால்வாசி. குடிதண்ணீர் கிடையாது. சமையல்கட்டு ஆட்டுக்கல்லைக்கூடக் கரையில் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினார்களாம். மந்திரி எழுந்து நின்று கைதட்டினாராம்.

அந்த முப்பத்திரண்டு மறுநாளே பத்திரிகையில் வந்தது. தபால்தலையில் வந்தது. பள்ளிப் பாடத்தில் வந்தது. கடைசியில் வெட்கமில்லாமல் போர்த்திட்டத்திலும் வந்துவிட்டது.

நீரிணைக்குள் புகுந்து, எதிரி திரும்புவதற்குள் கொண்டல் ஓடிவந்துவிடும் என்று கணக்கு. ஓட முடியவில்லை. ஆயிரத்து நானூறு பேர் போனார்கள்.

விசாரணை மூன்றே நாளில் முடிந்தது. காரணம்: எஞ்சின் அறையின் மெத்தனம்.

எதிர்வீட்டுக்காரர்கள் கொண்டலில் மருமகனைப் பறிகொடுத்தவர்கள். அன்றிலிருந்து அவள் அம்மாவின் முகத்தை அவர்கள் பார்ப்பதில்லை. அம்மா வாசல் பக்கமே வருவதில்லை.

இன்று மதியம் மீதி மூன்று கப்பல்களும் கிளம்புகின்றன. அதே நீரிணை. அதே முப்பத்திரண்டு.

கையேட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அவள் மேலதிகாரி கமடோர் பொன்னுரங்கம் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். மூடி அவள் பக்கம் தள்ளினார்.

"கூட்டத்துல முப்பத்திரண்டுன்னே வாசிச்சிடும்மா. கிளம்புற நேரத்துல எதுக்கு அபசகுனமா?"

அபசகுனமாம். ஆயிரத்து நானூறு பேரைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு அபசகுனம் பார்க்கிறார்கள். அவளுக்குக் காதெல்லாம் கொதித்தது.

தலைமையகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதிரியின் ஆவணத்தை மொழிபெயர்த்தவரே கூட்டத்தில் எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். வாசித்தது அப்படியே குறிப்பேட்டில் ஏறும். ஏறியதை அடிக்க அட்மிரலுக்கும் அதிகாரமில்லை. நாளை எந்த விசாரணையிலும் யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது. அதனால்தான் அந்த அறையில் வாயைத் திறப்பவர்கள் தேதியையும் வானிலையையும் தவிர வேறெதையும் உருப்படியாகச் சொல்வதில்லை.

பதினொரு மணிக்குக் கூட்டம். மூன்று கப்பல்களின் கேப்டன்களும் வந்திருந்தார்கள்.

எழுந்தாள். நாற்பத்தொன்றாம் பக்கத்தை விரித்தாள்.

"வேகம், இருபத்தெட்டு நாட்."

பொடி எழுத்துக் குறிப்பையும் விடாமல் வாசித்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். இரைச்சல் வரும், நாற்காலிகள் நகரும், யாராவது மேசையைத் தட்டுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

கச்சானின் கேப்டன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாடையின் கேப்டன் ஜன்னலைப் பார்த்தார். சோழகத்தின் கேப்டன் தண்ணீர் குடித்தார்.

அவர்களுக்குத் தெரியும்.

மூவருக்கும் தெரியும். தெரிந்துதான் அண்ணன் தலையில் பழியைக் கட்டும்போது வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தெரிந்தேதான் இன்றும் போகிறார்கள். முதலில் சொல்பவன் கோழை என்று பெயர் வாங்க வேண்டுமே. அந்தப் பெயருக்குப் பயந்து மூன்று கப்பல் ஆட்களையும் கூட்டிக்கொண்டு சாகப் போகிறார்கள், மகா வீரர்கள்.

கமடோர் தொண்டையைச் செருமினார்.

"தப்பா வாசிச்சிட்டாங்க. முப்பத்திரண்டு. மேல போகலாம்."

குறிப்பேட்டின் முன்னால் குஞ்சிதபாதம் உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாகக் காதில் விழுவதை எழுதுவதுதான் அவர் உத்தியோகம். போர் அறிவித்த அன்றுகூட அவர் முகத்தில் ஒரு கோடு அசையவில்லை என்பார்கள்.

இப்போது அவர் பேனா தாளைத் தொடாமல் நின்றது.

அவருடைய ஒரே மகன் வாடையில் பீரங்கி ஆள். அந்த அறையில் இதைப் புதிதாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கமடோரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"எத்தனைம்மா வாசிச்சீங்க?"

"இருபத்தெட்டு."

கமடோர் எழுந்துவிட்டார். அவர் மேசையைச் சுற்றி வருவதற்குள் குஞ்சிதபாதம் 28 என்று எண்ணால் எழுதினார்.

பக்கத்திலேயே, அவசரப்படாமல், எழுத்தாலும் எழுதினார்.