உப்புப் போட்ட சோறு

"என்னைப் பாத்து, உப்புப் போட்டுத்தான் சாப்பிடுதியளான்னு அந்த டாக்டரம்மா கேட்டுட்டா, பூலோகம். அம்பது பேரு வரிசையில நிக்கையில."

வீட்டுக்கு வந்ததும் வெயிலுமுத்து பொரிந்து தள்ளினார். தாராவியில் தோல் சேமித்து வைக்கும் கிட்டங்கியில் இருபது வருஷமாகப் பச்சைத் தோலுக்கு உப்புத் தடவுகிற மனிதர் அவர். கை, உதடு, சட்டைக் காலர் எல்லாம் உப்பு. ரத்தக்கொதிப்பைப் பரிசோதிக்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில், அவரைப் போய் ஒரு டாக்டரம்மா ரோஷம் கெட்டவன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டாள்.

"காலிபீலியா, ஒரு காரணமும் இல்லாம, ஒரு மனுசனை இப்படிக் கேக்கலாமா?" என்று கூட வேலை பார்க்கும் பூலோகமும் கொதித்தான். "வாங்க அண்ணாச்சி, பத்துப் பேராப் போய் நியாயம் கேப்போம்."

"ரத்தம் எடுக்க வந்த ஊசியைத் தட்டிவிட்டுட்டு வந்துட்டேன். இனி அந்த வாசல்ல கால் வைக்கமாட்டேன். ஏட்டி செண்பகம், நீயே சொல்லு. ஆறு மாசத்துக்கு முன்னால உப்பைக் குறைன்னு அங்க சொன்னாகன்னு, நீ சப்புன்னு ஒரு குழம்பு வச்ச. தட்டோட சுவத்துல எறிஞ்சேனா இல்லையா? அதுக்கப்புறம் குறைஞ்சிருக்கா?"

மனைவி செண்பகவல்லி நிமிராமல் அரிசியில் கல் பொறுக்கினாள். போன வருஷம் இதே கொதிப்பில்தான் வெயிலுமுத்துவின் அண்ணன் மான்குர்த் ஸ்டேஷனில் சுருண்டு விழுந்து செத்தார். அந்தப் பயமும் புருஷனுக்கு நேர்ந்த அவமானமும் சேர்ந்து அவளைத் தலைகுனிய வைத்துவிட்டன என்று வெயிலுமுத்து நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம், பூலோகம் கிளம்புவதற்குள், விலாசம் விசாரித்துக்கொண்டு அந்த டாக்டரே வந்துவிட்டார். பெயர் அபயாம்பாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழெல்லாம் வீட்டோடு சரி.

"கோச்சுக்காதேங்கோ. ஃபாரத்துல இங்கிலீஷ்ல இருந்த கேள்வியை அப்படியே தமிழ்ல கேட்டுட்டேன். அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டுன்னு எங்காத்துல சொல்லித்தான் தெரியும்."

வெயிலுமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆறு மாசம் முன்னாடி வந்தப்போ உங்க பிரஷர் நூத்தி எழுபது. மாத்திரையும் வேண்டாம்னுட்டேள். இன்னிக்கு நூத்தி நாப்பத்தஞ்சுதான். எப்படிக் குறைஞ்சுது? நம்ம இதயமே ஒரு ஹார்மோனைச் சுரக்கறது. அது மூளைக்குச் சேதி சொல்றது, உப்பு போதும், தாகம் போதும், கொதிப்பைக் குறைன்னு. எண்பத்தொண்ணுலதான் கண்டுபிடிச்சா, இன்னும் ஆறேழு வருஷம்தான் ஆறது. உங்களுக்கு அது ஜாஸ்தியாச் சுரக்கறதோ என்னவோ. அதைப் பார்க்கத்தான் ரத்தம் கேட்டேன்."

வெயிலுமுத்துவின் கோபம் அப்படியே பெருமையாக மாறியது.

"கேட்டியா பூலோகம், என் நெஞ்சு மூளைக்கே உத்தரவு போடுதாம். ரோஷமுள்ள நெஞ்சுடே. இந்தாங்க டாக்டரம்மா, எம்புட்டு ரத்தம் வேணுமோ எடுத்துக்கிடுங்க. ஆனா அதுக்கு முன்னால, உப்புப் போட்டுத்தான் சாப்பிடுதேன்னு இவன் கண்ணு முன்னால எழுதுங்க."

அபயாம்பாள் பேனாவை எடுத்தார். செண்பகவல்லி சட்டென்று அந்தக் கையைப் பிடித்தாள்.

"அதை மட்டும் எழுதாதிய டாக்டரம்மா. தட்டு சுவத்துல விழுந்த மறுநாள்லேருந்து ஒவ்வொரு உப்புக்கல்லாக் குறைச்சேன். இப்ப மூணு மாசமா இவுக சோத்துல உப்பே கிடையாது. உதட்டுல ஒட்டியிருக்க கிட்டங்கி உப்புலதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்காக."