மேனேஜர் மாட்டிக்கொண்டார்

மேனேஜர் தன் காரின் பின்பக்கம், குழந்தை சீட்டுக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தவர் வாட்ச்மேன். சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் பார்க்கிங்கிலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், டிரைவர் சீட்டில் ஆளில்லை. பின்னாலிருந்து நீண்டு வந்த ஒரு கால், கட்டைவிரலால் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் கேஷியரை இழுத்து வந்தார்.

கேஷியர் கதவைத் திறந்து குனிந்தார். மூன்று வயதுக் குழந்தைக்கான சீட். அதற்குள் தொண்ணூறு கிலோ மேனேஜர். தலை கூரையில் முட்டி, கழுத்து ஒரு பக்கம் சாய்ந்து, தோள்வார் இரண்டும் அக்குளில் இறுகிக் கிடந்தன.

ஆபீசில் யாராவது நாற்காலியில் லேசாகச் சாய்ந்தாலே முறைக்கிற மனுஷர்.

"சார், இதுக்குள்ள எப்படிப் போனீங்க?"

"போறது சுலபமாத்தான்யா இருந்தது."

"எதுக்கு சார் போனீங்க?"

"முதல்ல வெளியே எடுங்க. விசாரணை அப்புறம் வச்சுக்கலாம்."

ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். மேனேஜரும் வரவில்லை, சீட்டும் வரவில்லை.

"சீட்டு துளிகூட அசைய மாட்டேங்குதே சார்!"

"அசையக் கூடாதுய்யா! அப்படித்தான் மாட்டணும்!" அந்த நிலையிலும் மேனேஜர் குரலில் பெருமை.

"கொஞ்சம் எண்ணெய் தடவிப் பார்க்கலாமா சார்?" என்றார் வாட்ச்மேன்.

"எண்ணெய் பாட்டில் என் கண்ணுல பட்டுது, உன் வேலை காலி!"

அதற்குள் ஆபீஸே கூடிவிட்டது. பின்வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கேஷியர் ஓரமாகப் போய், மேனேஜரின் மனைவிக்குப் போன் போட்டார்.

"மேடம், உடனே வாங்க. சாருக்கு வேலைப்பளு ஜாஸ்தியாகி, தலைக்கு ஏறிடுச்சு போலிருக்கு."

இடுப்பில் மகளோடு அலறியடித்துக்கொண்டு வந்தாள் மனைவி. காருக்குள் எட்டிப் பார்த்ததும் முகம் சிவந்தது.

"என்னங்க இது கண்றாவி! இத்தனை பேர் முன்னாடி மானம் போகுது. மூணு வயசுப் பிள்ளையோட சீட்டுக்குப் போட்டியா?"

மகள் மட்டும் கைதட்டினாள். "அப்பா பாப்பா! அப்பா பாப்பா!"

மனைவி சீட்டின் முன்விளிம்பில் இருந்த பட்டனைத் தேடி அழுத்தி, வாரைத் தளர்த்தினாள். கேஷியரும் வாட்ச்மேனும் தம் பிடித்து இழுத்தார்கள். 'டர்ர்' என்று பேன்ட் கிழிகிற சத்தத்தோடு மேனேஜர் வெளியே வந்து விழுந்தார்.

கூட்டத்தில் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் பீறிட்டது.

"இப்பவாவது சொல்லுங்க. எதுக்கு இந்தக் கோமாளித்தனம்?" என்றாள் மனைவி.

மேனேஜர் மெல்ல எழுந்து, கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"தினமும் இதுல உட்கார மாட்டேன்னு பாப்பா அழறா இல்ல? இன்னிக்கு அடிகூட வாங்கினா."

"அது வெறும் அடம்ங்க! சீட்டுல என்ன இருக்கு? நான்தான் தினமும் தட்டிப் பார்த்துட்டு உட்கார வைக்கறேனே!"

சொன்னபடியே மெத்தையைத் தட்டிக் காட்டினாள். பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது.

மேனேஜர் திரும்பி நின்றார். கிழிந்த பேன்ட்டில், தொடைக்குப் பின்னால் ரத்தம் கசிந்திருந்தது.

சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"அடியில பிளாஸ்டிக் உடைஞ்சு முனை நீட்டிக்கிட்டு இருக்கும்மா," என்றார். "தட்டிப் பார்க்கறவங்களுக்குத் தெரியாது. உட்கார்றவங்களுக்குத்தான் குத்தும்."